இரண்டு மாமன்களுக்கும் நூறு

பிளக்ஸ் பேனரை யாரும் பார்ப்பதில்லை. தன் பெயர் அதில் எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். கண்டுபிடித்த பிறகு பக்கத்து ஆளின் பெயரைப் பார்க்கிறார்கள். இரண்டில் எது பெரிது என்று பார்க்கிறார்கள். அதற்கப்புறமும் பொறுமை மிச்சமிருந்தால்தான் என்ன விசேஷம், எந்தக் கோயில் என்பதெல்லாம். மலைமேல் செம்மேட்டில் கடை போட்டுப் பல வருஷமாகப் பேனர் வடிவமைத்துக் கொடுக்கிறவள் சொல்கிறேன், நம்புங்கள்.

இந்த ஞானம் எனக்கு வகுப்பில் வரவில்லை. என் அண்ணன் மகள் யாழினியின் காதுகுத்தில் வந்தது. காது குத்தியது அவளுக்கு. வலித்தது எனக்கு.

அப்போது நான் பி.காம். முடித்துவிட்டு வாழவந்தி நாட்டில் (எங்கள் மலையில் ஊருக்கு 'நாடு' என்றுதான் பெயர்) எங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். 'சும்மா' என்பது அம்மாவின் வார்த்தை. என் கணக்கில் நான் தொழில் தொடங்கிக்கொண்டிருந்தேன். நாமக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டிசைன் வகுப்புக்குப் போய், ஒரு சான்றிதழும், ஒரு பழைய லேப்டாப்பும், தேவைக்கு அதிகமான தைரியமும் வாங்கி வந்திருந்தேன். மலையில் யாருக்குப் பேனர் வேண்டுமென்றாலும் கீழே இறங்கித்தான் ஆகவேண்டும். இனிமேல் யாரும் இறங்க வேண்டாம், நான் இருக்கிறேன் என்று முடிவு செய்தேன். (அச்சடிக்கிற மெஷின் கீழேதான் இருக்கிறது, எப்படியும் ஒருவர் இறங்க வேண்டும், அந்த ஒருவர் நான்தான் என்பது முடிவு செய்யும்போது தோன்றவில்லை.)

அந்த லேப்டாப்பில் என் சொத்தே எழுத்துருக்கள்தான். நண்பர்களின் பென்டிரைவ்களிலிருந்து எதையும் மிச்சம் வைக்காமல் இறக்கி வைத்திருந்தேன். தடித்தது, மெலிந்தது, சாய்ந்தது, வளைந்தது, கொம்பு முளைத்தது என்று விதவிதமாக இருந்தன. ஒரு சொல்லைத் தட்டிவிட்டு அதற்கு ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். சாப்பிடக் கூப்பிட்டால் காது கேட்காது. அம்மா வந்து எட்டிப் பார்ப்பாள். "காலையிலிருந்து 'வணக்கம்'னு ஒண்ணைத்தாண்டி எழுதியிருக்கற" என்பாள். உண்மைதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் அண்ணி வசந்தாவுக்கு இரண்டு அண்ணன்கள், பக்கத்தில் தேவனூர் நாட்டில். பெரியவர் பொன்னுசாமி மாமா, விவசாயி, பெரிய மீசை, மெல்லிய குரல். சின்னவர் துரை மாமா, வேன் ஓட்டுகிறவர், கருப்புக் கண்ணாடி, பெரிய குரல். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே வரப்பு. அந்த வரப்போரத்தில் ஒரு சில்வர் ஓக் மரம். மரம் நிற்பது பெரியவர் பக்கம். அதில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியின் வேர் இருப்பது சின்னவர் பக்கம். மிளகு யாருக்கு?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். மிளகு பழுத்துக் கீழே கொட்டி, பறவைகள் தின்று கொழுத்தன. சின்னவர் வேனில் ஊரே ஏறிப் போகும், பெரியவர் மட்டும் தன் மொபட்டில் வெயிலில் போவார்.

குழந்தைக்கு ஒரு வயசு முடிந்து காதுகுத்துப் பேச்சு வந்தபோது அண்ணிக்கு இருந்தது ஒரே ஆசை. அண்ணன்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்து நிற்கவேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்துவது? யார் மடி என்று இங்கேயும் அங்கேயும் ஆள் அனுப்பிப் பேசி, கடைசியில் காதைப் பங்கு போட்டார்கள். வலது காது பெரியவர் மடியில், இடது காது சின்னவர் மடியில். அண்ணி அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சோறு தின்றார்.

அதற்கப்புறம் இரண்டு வீட்டிலிருந்தும் தனித்தனியாக ஒரே சேதி வந்தது. பேனரில் என் பெயர் அவன் பெயரைவிட ஒரு நூல்கூடக் குறையக் கூடாது. குறைந்தால் வரமாட்டேன்.

"தனம், பேனரு நீதான போடற?" என்றார் அண்ணி. (என் முழுப்பெயர் தனலட்சுமி. இது பின்னால் தேவைப்படும்.)

"ஆமாங்க அண்ணி."

"ரெண்டு பேரு பேரும் ஒரே அளவா இருக்கோணும் சாமி. கொஞ்சம் கூடக்குறைய ஆச்சுன்னா எம்பட புள்ளைக்கு மடியே இல்லாமப் போயிரும்."

"என்னங்க அண்ணி, இதெல்லாம் ஒரு வேலையா? ரெண்டுக்கும் ஒரே நம்பரைப் போட்டா முடிஞ்சுது!"

இந்த வாக்கியத்தை நான் அன்றைக்குச் சொல்லாமல் இருந்திருந்தால், இந்தக் கட்டுரையை எழுதுகிற அவசியமே வந்திருக்காது.

ஒரே நம்பர்தான் போட்டேன். சத்தியமாக. பொன்னுசாமி மாமாவுக்கும் நூறு, துரை மாமாவுக்கும் நூறு. (பேனரைக் கம்ப்யூட்டரில் சின்னதாக வரைவோம், கடையில் பெரிதாக்கி அடிப்பார்கள்.) ஆனால் என்னிடம் இருந்த எழுத்துருக்கள் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. ஆளுக்கு ஏற்ற மாதிரி எழுத்து இருந்தால்தானே கலை? பெரியவருக்கு அடக்கமான, உருண்டையான ஓர் எழுத்து. சின்னவருக்குச் சாய்ந்து பாய்கிற ஓர் எழுத்து. பேனரின் இடது கோடியில் ஒருவர் படம், வலது கோடியில் ஒருவர் படம், நடுவில் சிரிக்கிற யாழினி. திரையோ சின்னது. பெரியவர் பெயரைப் பெரிதாக்கிப் பார்த்தேன், திரை நிறைய இருந்தது. நகர்த்திச் சின்னவர் பெயரைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதுவும் திரை நிறைய இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு பார்வை பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை.

எதை எடுத்துப் போகவேண்டும் என்று தெரியாததால் லேப்டாப்பில் இருந்த அத்தனையையும் பென்டிரைவில் ஏற்றி, எழுத்துருக்களோடு சேர்த்து மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்குக் கொண்டுபோனேன். வளைவுக்கு வளைவு பஸ் சாய, பக்கத்து அக்கா என் தோளில் சாய, பென்டிரைவைத் தாலி மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். அன்றைக்குச் சந்தை. பிளக்ஸ் கடையில் அடித்து, சுருட்டி, கையில் கொடுத்தார்கள். மலைக்குப் போகிற பஸ் ஹாரன் அடித்தது. பிரித்துப் பார்க்கவில்லை, ஓடினேன்.

ஊர் வழக்கப்படி விசேஷத்துக்கு முன்னாலேயே பேனரைக் கட்டினோம், எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ரோட்டோரத்தில். நானே தள்ளி நின்று பார்த்துப் பூரித்துப் போனேன். (என்ன பார்த்தேனோ.) மறுநாள் பொன்னுசாமி மாமா மொபட்டில் வந்தார். பேனருக்கு முன்னால் நிறுத்தினார்.

"கண்ணு, ஒரு சேர் எடுத்தா" என்றார்.

உட்காரத்தான் கேட்கிறார் என்று நினைத்து வீட்டுக்குள் ஓடி நல்ல நாற்காலியாகப் பார்த்துக் கொண்டுவந்தேன். அவர் அதன்மேல் ஏறி நின்றார். கையை விரித்துத் தன் பெயர்மேல் வைத்து அளந்தார். இறங்கினார், நாற்காலியை இன்னொரு கோடிக்குத் தூக்கிப்போனார், ஏறினார், தம்பி பெயரை அளந்தார்.

"எம்பேரு ஒரு சாணு. அவம்பேரு ஒண்ணரைச் சாணு."

"இல்லீங்க மாமா. ரெண்டும் நூறுங்க."

"என்ன நூறு?"

"நூறு பாயிண்டுங்க மாமா."

"பாயிண்டுன்னா எத்தனை சாணு?"

எனக்குத் தெரியவில்லை. சான்றிதழ் வாங்கியவள், தெரியாது என்று சொல்ல முடியுமா? ஓடிப்போய் லேப்டாப்பை எடுத்துவந்து, அவர் நாற்காலிமேல் நிற்கும்போதே கீழேயிருந்து தூக்கிக் காட்டினேன். "இந்தாங்க, இதுல பாருங்க, நூறு. இங்க பாருங்க, இதுவும் நூறு."

அவர் குனிந்து பொறுமையாகப் பார்த்தார். "கம்ப்யூட்டரு நூறுங்குது. எங்கையி ஒண்ணரைங்குது. நான் எதை நம்பட்டும் கண்ணு? கையி எங்கூடவே பொறந்துது."

லேப்டாப்பை மூடினேன். அவர் இறங்கி, நாற்காலியைத் துண்டால் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, "வலது காதுக்கு வேற மடி பாத்துக்கங்க" என்று மெல்லிய குரலில் சொல்லிப் போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலாம்.

உள்ளே அண்ணி குச்சிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். என்னைத் திட்டவில்லை. உரித்த கிழங்கையே மறுபடியும் உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. "அண்ணி, நான் சரிபண்றேன். ரெண்டு மாமனையும் கொண்டாந்து உக்கார வெக்கல, எம்பேரு தனலட்சுமி இல்ல" என்றேன். அண்ணி நிமிர்ந்து பார்த்த பார்வையில், அந்தப் பெயர் போனால் போகட்டும், அண்ணன்கள் வந்தால் போதும் என்றிருந்தது.

விடுவேனா? அன்று முழுக்க உட்கார்ந்து நோண்டியதில் ஒன்று புரிந்தது. அந்த நூறு எழுத்தின் அளவே இல்லை. எழுத்து உட்காருவதற்கு ஒதுக்கிய இடத்தின் அளவு. இரண்டு பேருக்கும் ஒரே அளவு மனை கொடுத்தால், ஒருத்தர் மனை முழுக்க வீடு கட்டுவார், இன்னொருத்தர் சுற்றிலும் வாசல் விட்டு நடுவில் கட்டுவார். எழுத்துருக்களும் அப்படித்தான். எனவே இரண்டு பெயருக்கும் ஒரே எழுத்துரு, ஒரே எண். திரையில் அடிஸ்கேலை வைத்தும் அளந்தேன். (அம்மா வந்து எட்டிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு போனாள்.)

மறுபடி மலையிறக்கம், மறுபடி அத்தனையையும் ஏற்றிய பென்டிரைவ், மறுபடி பேனர். பெரியவருக்குச் சேதி அனுப்பினேன். வந்தார், நாற்காலி கேட்டார், ஏறினார், அளந்தார், இறங்கினார். "இது நாயம்" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

சாயங்காலம் பெரிய ஹாரன் சத்தத்தோடு துரை மாமாவின் வேன் வந்து நின்றது. கண்ணாடியைக் கழற்றாமலே பேனரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் நடந்தார். நடையை எண்ணுகிறார் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

"ஏனுங்க அம்முணி, இதென்னங்க அநியாயம்?"

"உசரம் ஒரே உசரந்தானுங்க மாமா! பெரிய மாமாவே அளந்து பாத்துட்டுச் சரின்னுட்டாங்க."

"அவரு சரின்னுதான் சொல்லுவாரு. உசரம் யாருக்கு வேணும்? அவரு பேரு பேனர்ல எத்தனை எடத்தப் புடிச்சிருக்குது பாருங்க. எனக்குப் பாருங்க, ஒரு மூலை!"

"உங்க பேரு ரெண்டெழுத்துங்க மாமா. அவங்களுக்கு அஞ்செழுத்து."

"அது எங்கப்பன் பண்ணுன வேலை. பேரு வெக்கறப்பவே அவருக்கு அஞ்சு, எனக்கு ரெண்டு. நெலத்துலயும் அப்பிடி, மரத்துலயும் அப்பிடி. இப்பப் பேனர்லயுமா?"

"துரைசாமின்னு போட்டரட்டுங்களா மாமா?"

"ரேசன் கார்டுல துரைதான். ஊர்ல நாலு பேரு சிரிக்கறதுக்கா?"

வேன் போய்விட்டது. இப்போது இடது காதுக்கும் மடி இல்லை. காதுகுத்துக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. இந்தத் தடவை அண்ணி அழுதே விட்டார். "விடு தனம், நீ என்ன பண்ணுவ. அவிய ரெண்டு பேரும் சேரமாட்டாங்கன்னு எந்தலையில எழுதியிருக்குது" என்றார். எழுத்து விஷயத்தில் யாரும் என்னிடம் அப்படித் தோல்வியை ஒப்புக்கொள்ளக் கூடாது. தலையெழுத்தாகவே இருந்தாலும் சரி.

மறுநாள் விடிந்ததும் உட்கார்ந்தேன். உயரமும் ஒன்றாக இருக்கவேண்டும், அகலமும் ஒன்றாக இருக்கவேண்டும். முதலில் 'துரை'யைப் பிடித்து இழுத்தேன். இழுக்க இழுக்க, லாரி ஏறி இறங்கிய மாதிரி ஆகிவிட்டது. மாமாவின் பெயருக்கு இப்படி ஒரு கோலம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பிறகு எழுத்துருக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாம் தீர்ந்துபோன நேரத்தில், யாரோ பழைய அச்சகத்துக்காரர் காலத்து எழுத்துரு ஒன்று கிடைத்தது. அதில் அகலமாகப் பரந்து உட்காருகிற வகை ஒன்று, ஒடுங்கி நிற்கிற வகை ஒன்று. உயரம் இரண்டுக்கும் ஒன்றே. இரண்டும் ஒரே குடும்பம். (மாமன்களைவிட ஒற்றுமையான குடும்பம்.) சின்னவருக்கு அகலம், பெரியவருக்கு ஒடுக்கம். வைத்துப் பார்த்தால், அடடா, தராசில் நிறுத்த மாதிரி சமமாக நின்றன.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அந்தப் பழைய எழுத்துருக்கள் கம்ப்யூட்டரை ஏமாற்றி வேலை செய்கிறவை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான். அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில்தான் அது தமிழ்போல வேஷம் கட்டிக்கொண்டு தெரியும். எழுத்துரு இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடும். அதனால் அனுப்புவதற்கு முன்னால் எழுத்தை வெறும் கோட்டுப்படமாக மாற்றிவிடவேண்டும் என்று வகுப்பில் சொன்னார்களாம். சொன்ன அன்றைக்கு நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து புது எழுத்துரு இறக்கிக்கொண்டிருந்தேன்.

சந்தோஷத்தில், கீழே மூலையில் என் பெயரையும் போட்டுவிடலாம் என்று தோன்றியது. அதற்கு முன்னால் மாமன்களின் பெயரை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க நினைத்து, எழுத்தைத் தேர்ந்தெடுக்காமலே அளவை மாற்றியிருந்தேன். அப்படி மாற்றினால் இருக்கிற எழுத்து அசையாது. அடுத்து எழுதப்போகிற எழுத்துக்குத்தான் அந்த அளவு போய்ச் சேரும். அடுத்து எழுதியது நான். 'வடிவமைப்பு: தனலட்சுமி பி.காம்., வாழவந்தி நாடு' என்று, விழாப் பெயருக்குப் போட்டிருந்த, எல்லாக் கடையிலும் இருக்கிற எழுத்துருவில் கொழுகொழுவென்று வந்து விழுந்தது. குறைத்திருக்கலாம். பார்க்க நன்றாக இருந்தது. விட்டுவிட்டேன்.

கீழே போய்வர நேரமில்லை. போனில் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று, அந்த ஒரு ஃபைலை மட்டும் கடைக்கு அனுப்பினேன். காலை முதல் பஸ்ஸில் பேனரைக் கொடுத்துவிடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் கடையிலிருந்து போன் வந்தது. பாதி காற்று, பாதி பேச்சு.

"மேடம், வந்துருச்சுங்க. கம்ப்யூட்டரு என்னமோ எழுத்து இல்லைன்னு கேக்குதுங்க. ஓகே குடுத்தரட்டுங்களா?"

"என்னங்க?"

"ஓகே குடுத்தரட்டுங்களான்னு..."

"குடுங்க, குடுங்க! ஓகே குடுங்க!"

நான்தான் சொன்னேன். வேறு யார்மேலும் பழி போட வழியில்லாத அளவுக்கு, பாறைமேல் நின்று, இரண்டு கிராமத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். சொல்லிவிட்டு இரண்டு மாமன் வீட்டுக்கும் ஆள் அனுப்பினேன். 'உசரமும் ஒண்ணு, அகலமும் ஒண்ணு. வந்து பாத்துட்டு, சரியில்லைன்னா அப்பிடியே திரும்பிப் போயிருங்க' என்று.

காதுகுத்து அன்று காலையில் குலதெய்வக் கோயில் முன்னால் பந்தல் போட்டிருந்தது. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்தபோதே பஸ்ஸில் பேனர் வந்து, அண்ணன் அதைப் பந்தல் முகப்பில் கட்டிவிட்டான். கட்டியவன் இடதையும் வலதையும் பார்த்தானே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை. நான் கோயிலுக்கு வந்தபோது அங்கே பேச்சுச் சத்தமே இல்லை. நூறு பேர் கூடியிருக்கிற காதுகுத்தில் பேச்சில்லை என்றால் யாரோ செத்திருக்கவேண்டும். யாரென்று நிமிர்ந்து பார்த்தேன்.

நடுவில் யாழினி சிரித்துக்கொண்டிருந்தாள். 'காதணி விழா' பளிச்சென்று இருந்தது. கோயில் பெயர் இருந்தது, நேரம் இருந்தது. மீசை முறுக்கிய பொன்னுசாமி மாமா படத்துக்குக் கீழே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு நீளமான கூளம். கண்ணாடி போட்ட துரை மாமா படத்துக்குக் கீழே அதே மாதிரி ஒரு குட்டையான கூளம். அப்புறம் மூலையில், ஊரில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கூட ஒரே மூச்சில் படிக்கிற மாதிரி, தனலட்சுமி பி.காம்.

பந்தலுக்கு ஒரு பக்கம் மொபட் வந்து நின்றது. இன்னொரு பக்கம் வேன் வந்து நின்றது. ஒரே நேரத்தில் வரக் கூடாது என்று இரண்டு பேரும் தனித்தனியாகத் திட்டம் போட்டிருப்பார்கள், அதனால்தான் ஒரே நேரத்தில் வந்தார்கள். அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். ஊசியோடு உட்கார்ந்திருந்த ஆசாரி, "நேரம் போவுதுங்க" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். எனக்குப் பந்தல்காலைக் கட்டிக்கொண்டு அழலாமா, மலையை விட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடவில்லை. ஓடினால் அண்ணி தனியாக நிற்கவேண்டும். முன்னால் போய் பேனருக்குக் கீழே நின்றேன்.

பொன்னுசாமி மாமா மேலே பார்த்தார். பிறகு, பழக்கதோஷம், "ஒரு சேர் எடுத்தாங்க" என்றார்.

ஏறினார். அந்தக் கூளத்தின்மேல் சாணை விரித்து அளந்தார். இறங்கினார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தம்பி இருந்த பக்கம் போனார். தம்பி விலகி வழிவிட்டார். ஏறி அந்தக் கூளத்தையும் அளந்தார்.

"உசரம் ஒண்ணுதான்டா தொரை" என்றார்.

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். 'டா' என்று கூப்பிட்டுப் பேசி எத்தனை காலம் ஆயிற்று! துரை மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆமாங்ணா. நீளந்தான் உங்களுது கூட."

"படிக்க முடியாத பேரு நீளமா இருந்தா என்ன, கட்டையா இருந்தா என்னடா?"

"அதுவுஞ் சரிதானுங்ணா. ஆமா, அது யாருங்ணா மூலையில? நம்ம ரெண்டு பேரவிடப் பெருசா?"

பெரியவர் நாற்காலியில் நின்றபடியே மூலைக்குக் குனிந்து அளந்தார். "ரெண்டு சாணுடா!"

"தனலட்சுமி பி.காம்." என்று துரை மாமா தன் பெரிய குரலில் ஊருக்கே வாசித்தார். "ஏனுங்ணா, நமக்குத் தெரியாம நம்ம அப்பன் மூணாவதா ஒருத்தனப் பெத்துப்போட்டுட்டுப் போயிருக்கறாரு போல."

"பி.காம். வேற படிக்க வெச்சிருக்கறாரு பாரு. நம்மள மாடு மேய்க்க வுட்டுட்டு."

முதலில் சிரித்தது பெரியவர்தான். அந்த மெல்லிய குரலுக்குள் அவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நாற்காலி ஆடியது. துரை மாமா ஓடிவந்து அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார், அவரும் சிரித்தார், பந்தலே சிரித்தது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஒருவர் நிறுத்திய இடத்தில் மற்றவர் பிடித்துக்கொண்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை. அண்ணி அழுதுகொண்டே சிரித்தார், இல்லை, சிரித்துக்கொண்டே அழுதார். இரண்டையும் அவர் ஒன்றாகத்தான் செய்வார்.

வலது காது பெரியவர் மடியில் நடந்தது. இடது காதுக்குச் சின்னவர் மடிக்கு மாற்றலாம் என்றால், யாழினி பெரியவரின் மீசையை விடவில்லை. கடைசியில் இரண்டு பேரும் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்து, குழந்தையின் ஒரு கால் இவர் மடியிலும் ஒரு கால் அவர் மடியிலுமாக ஆசாரி காரியத்தை முடித்தார். சீர் வரிசை வைக்கும்போது துரை மாமா திரும்பிப் பார்த்து, "மூணாவது தாய்மாமன் தட்டு எங்கீங்க?" என்று கேட்டார். அவசரத்துக்கு என் கையிலிருந்த வெற்றிலைப் பையையே தட்டில் வைத்துக் கொடுத்தேன். இன்றுவரைக்கும் எனக்கு அதிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை. பொங்கல், பிறந்தநாள், பள்ளிக்கூட ஆண்டுவிழா, எதுவானாலும் இரண்டு மாமன்களோடு நானும் சீர் கொண்டுபோகவேண்டும். அத்தை செய்யவேண்டியது தனிக்கணக்கு. யாழினி தன் வகுப்பு டீச்சரிடம் என்னை அறிமுகம் செய்தபோது, "இது எங்க மூணாவது மாமாங்க டீச்சர்" என்றாள். டீச்சர் என் புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் புடவையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் எந்த ஃபைலையும் எழுத்தைப் படமாக மாற்றாமல் வெளியே விட்டதில்லை. கடையில் ஒரு நாற்காலியும் தனியாக வைத்திருக்கிறேன், ஏறி அளந்து பார்க்கிறவர்களுக்காக.

அந்தப் பேனரைத் துரை மாமா கழற்றிக்கொண்டு போனார். போன தை மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வரப்போரத்து சில்வர் ஓக்கில் இரண்டு பேருமாக ஏணி போட்டுப் பறித்த மிளகு, வாசலில் அந்தப் பேனர்மேல்தான் காய்ந்துகொண்டிருந்தது. பெரியவர் பெயரின்மேல் மிளகு, சின்னவர் பெயரின்மேல் மிளகு, யாழினியின் சிரிப்பின்மேலும் மிளகு. மூலையில் என் பெயர் இருந்த இடம் மட்டும் சுத்தமாக விடப்பட்டு, வெயிலில் பளபளத்தது.

"இந்த எடத்தை மட்டும் ஏனுங்க மாமா சும்மா போட்டிருக்கறீங்க? இங்கயும் பரப்பலாமுங்களே" என்றேன்.

பொன்னுசாமி மாமா மிளகைக் கிளறிக்கொண்டே நிமிராமல் சொன்னார். "அது மூணாவது பங்காளி பாகம் கண்ணு. அடுத்தவன் நெலத்துல நாங்க மிளகு போடறதில்ல. அதுல ஏற்கெனவே ஒருக்காப் பட்டுட்டம்."